எட்டுப் பெட்டி வண்டியும் மூன்றாம் ஓலையும்

என் மகன் அருளுக்கு,

நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் நீ கோபமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நான் சரியாகச் சாப்பிட மாட்டேன் என்று உனக்குத் தெரியும், பிறகு என்ன நலம் விசாரிப்பது? போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம் என்றால் பாதியிலேயே அழுகை வந்துவிடுகிறது. அழுகையை உனக்கு அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் ஜப்பானுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும், ஆகையால் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். கோயிலில் வாசகம் படித்துப் படித்து உன் எழுத்தும் பைபிள் மாதிரி ஆகிவிட்டது என்று என்னைக் கேலி செய்வாயே, கேலி செய்துகொண்டாவது கடைசி வரைக்கும் படித்துவிடு.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நானும் சூசையும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்பதை நீ என் வாயால் கேட்டிருக்க வேண்டும், கோயில் மைக்கில் கேட்டிருக்கக் கூடாது. நம்மில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தாக வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று. முதல் ஓலை எப்போது என்று ஒரு கணக்குப் போட்டு, அதற்கு முன்னால் உன்னிடம் பேசிவிட வேண்டும் என்று தைரியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். திருவிழாக் கொடியேற்றம் குறுக்கே வருகிறது என்று சாமியார் ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார். அப்போதும் நான் பதறவில்லை. கோயிலில் வாசித்தால் ஊருக்குத்தானே தெரியும், அருளுக்கு எப்படித் தெரியும், சாயங்காலம் நாமே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பாடல் குழுப் பையன்கள் பூசையை யூடியூபில் விடுவது எனக்குத் தெரியும். கடல் தாண்டிப் போன என் மகன் ஞாயிறுதோறும் அதைப் பார்க்கிறான் என்பதுதான் தெரியாது. கோயிலுக்குப் போனாயா என்று கேட்கும்போதெல்லாம் "அதுக்கெல்லாம் டைம் ஏதும்மா" என்பாயே, அதை நம்பித் தொலைத்தேன். பெற்ற பிள்ளை திருட்டுத்தனமாகப் பக்தியாக இருப்பான் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

பூசை முடிந்து செருப்பை மாட்டும்போதே உன் வாய்ஸ் மெசேஜ் வந்துவிட்டது. "இன்னாம்மா இது? ஓலையில உம் பேரு வருது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா உனுக்கு? நைனாவ மறந்துட்டியா? இந்த வயசுல இதெல்லாம் தேவையா? நிறுத்தும்மா. நீ நிறுத்தலன்னா நானே ஃபாதருக்கு போன் பண்ணி நிறுத்தறேன். நிறுத்தலன்னா அதுக்கப்பறம் நான் ஊருக்கே வரமாட்டேன்." எத்தனை முறை கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்கக் கேட்கக் கோபம் குறைந்து, பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருக்கிறாய் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். சொன்னபடியே சாமியாருக்கும் போன் செய்திருக்கிறாய். அவர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளையின் கோபம் திருச்சபைச் சட்டப்படி தடை ஆகாது, ஆனால் மனசு ஆறட்டும் என்றால் தள்ளி வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமைக்குள் சொல்லம்மா என்றார். போன ஞாயிறு இரண்டாவது ஓலையும் ஆகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. நீ வேலை செய்கிற பணிமனைக்குப் பராமரிப்புக்கு வருகிறதே, ஐந்நூறு வரிசை என்று ஒரு பழைய புல்லட் ரயில், அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஹகாட்டா ஊரில் இறங்கி வேலையில் சேர்ந்த முதல் மாதம் நீ அதன் போட்டோவை அனுப்பினாய். சாம்பல் உடம்பு, நீலப் பட்டை, முன்பெட்டியில் பாதிக்கு மேல் வெறும் மூக்கு. "வாத்து மாதிரி கீதுடா" என்றேன். உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "வாத்து மூக்கு அதுக்கப்பறம் வந்த வண்டிக்கும்மா. இது மீன்கொத்தி" என்றாய். அங்கே மலையைக் குடைந்து குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள், அந்தக் குகைக்குள் வண்டி வேகமாக நுழைந்தால் உள்ளே இருக்கிற காற்று நெட்டித் தள்ளப்பட்டு அந்தப் பக்கம் வெடிபோல் வெளியே வரும், அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் அதிரும் என்றாய். பறவை பார்க்கிற பழக்கமுள்ள ஒரு இன்ஜினியர், மீன்கொத்தி மட்டும் தண்ணீர் தெறிக்காமல் பாய்வதை நினைத்து அந்த மூக்கை அப்படி நீட்டச் சொன்னாராம். நீ பிறந்த தொண்ணூற்றேழில்தான் அதுவும் ஓட ஆரம்பித்தது, அந்த நாட்டில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் ஆளேற்றிக்கொண்டு ஓடிய முதல் வண்டி அதுதான் என்று நீ சொன்னபோது, உன்னோடு பிறந்தவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது உன் குரல்.

இந்தக் கதையெல்லாம் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? காலையில் தெருக்குழாயில் குடம் வைக்கும்போது யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மற்றப் பெண்களுக்கு அவசரம், கம்பெனி வேன் வந்துவிடும். டேங்க் ஆபரேட்டர் சூசை மட்டும் வால்வைத் திறந்துவிட்டு, கடைசிக் குழாயான நம் குழாய் வரைக்கும் தண்ணீர் வருகிறதா என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பார்த்துக்கொண்டு வருவார். அவரிடம் சொன்னேன். நீ அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாய், நம் கோயிலில் மணி அடிக்கிறவர் என்பதற்கு மேல் உனக்கு அவரைத் தெரியாது. எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒரே பெண்ணைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார், பேச்சு என்றால் அவருக்குக் கஷாயம். அந்த மனுஷன் மீன்கொத்தி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். மறுநாள் குழாயடிக்கு வந்ததும் அவரே கேட்டார், "அந்த வண்டிய பத்தி தம்பி வேற இன்னா சொன்னாப்பல?"

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. நீ எனக்குச் சொல்வாய், நான் அவருக்குச் சொல்வேன். மேலே கரண்டு கம்பியைத் தொடுகிற கைக்கு ஆந்தை இறகைப் பார்த்துச் சத்தம் வராதபடி பல்லு பல்லாக வைத்தார்கள் என்று நீ சொன்னதை நான் அவரிடம் தப்பும் தவறுமாகச் சொல்லி, அவர் நம்பாமல் சிரித்து, நான் உன்னிடம் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டு போய் மறுபடி சொன்னேன். "ஏம்மா திடீர்னு பேன்டோகிராப்பு கேக்கற, பரீட்ச எழுதப் போறியா?" என்று நீகூடக் கேட்டாய். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது, எனக்கே அப்போது தெரியாதே.

அந்த வண்டியை வேக லைனிலிருந்து ஏன் எடுத்தார்கள் என்று நீ சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேகம் குறைந்து போகவில்லை, பழுதும் ஆகவில்லை. காற்றுக்காக உடம்பைக் குழாய் மாதிரி உருண்டையாகச் செய்ததில் ஜன்னலோரம் உட்காருகிறவர்களுக்குத் தலைமேல் இடிக்கிற மாதிரி நெருக்கம். மூக்கு அவ்வளவு நீளமாகப் போனதில் முன்பெட்டியில் ஓட்டுநர் பக்கத்தில் ஆளேறக் கதவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு எண்ணிக்கை மற்ற வண்டிகளோடு ஒத்துப் போகவில்லை. ஒரு வண்டி தாமதமானால் அதற்குப் பதில் இதை விட முடியாது, இதற்குப் பதில் இன்னொன்றை விட முடியாது. விலையும் கூட. ஒன்பது வண்டியோடு நிறுத்திவிட்டார்கள். நீ ரொம்ப வருத்தமாகச் சொன்னாய். எனக்கு வருத்தமாக இல்லை, எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் எனக்கு அது நடந்திருக்கிறது. வயல் நடவில் எல்லாரும் ஒரே வரிசையாகக் குனிந்து பின்னாலேயே நகர வேண்டும். உன் நைனா இறந்த புதிதில், உன் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொண்டு நான் வெறி பிடித்தவள் மாதிரி நடுவேன். என் பங்கு முன்னால் முடிந்துவிடும், பக்கத்தில் இருப்பவளுக்குத் திட்டுத் திட்டாக இடம் விட்டுப்போகும். ஆள் சேர்த்துக்கொண்டு போகிற தனம் அக்கா ஒருநாள் என்னை வரப்பில் ஏற்றி நிறுத்திவிட்டாள். "நீ வேகமாத்தான் கீற, இல்லன்னு சொல்லல. வரிச கோணிக்கினு போவுதே. நீ நாத்துக் கட்டு எடுத்துக் குடு." அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டவே இல்லை, உனக்குக் கடையில் பொறை ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். நீ அதைத் திருவிழா மாதிரி தின்றாய்.

பிறகு அந்த வண்டியைப் பாதியாக வெட்டினார்கள் என்றாய். பதினாறு பெட்டி, எட்டுப் பெட்டி ஆனது. வேகத்தைக் குறைத்து, ஆந்தை இறகு வைத்த கையையும் கழற்றி, சாதாரணக் கையைப் பொருத்தி, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியாக மேற்குப் பக்க லைனில் விட்டார்கள். இதை நான் குழாயடியில் சூசையிடம் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதை நகர்த்தி வைத்துவிட்டு, "அறுத்த எட்டுப் பெட்டி இன்னா ஆச்சி?" என்று கேட்டார். எனக்கு அதைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை, பார். உன்னிடம் கேட்டேன். எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள், ஒரே ஒரு முன்பெட்டியை மட்டும் கியோட்டோவில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்றாய். அதைச் சொன்னதும் சூசை, "பாவம். கூட ஓடின பொட்டிங்க" என்றார். அவர் பெண்சாதி பெயர் ஆரோக்கியமேரி. அதற்கப்புறம்தான் அவளைப் பற்றி என்னிடம் பேச ஆரம்பித்தார், நானும் உன் நைனாவைப் பற்றிப் பேசினேன். உனக்குக்கூட நான் சொல்லாத விஷயங்கள். காமாலை முற்றிக் கண் மஞ்சளாகக் கிடந்தபோதும் உனக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க எழுந்து உட்கார்ந்தார், விடை தப்பாக வந்தது, நீ திருத்தாமல் அப்படியே எழுதிக்கொண்டாய். அதைப் பார்த்துவிட்டு நான் அடுப்பங்கரையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நைனாவை மறந்துவிட்டாயா என்று கேட்டாயே. இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி ஆற அமர நான் பேச முடிந்த ஒரே ஆள் சூசைதான், அருள். மற்றவர்களெல்லாம் பேச்சை மாற்றுவார்கள். நீயும் மாற்றுவாய்.

போன வருஷம் லீவு நாளில் நீயே டிக்கெட் எடுத்து அந்த வண்டியில் போனாய். பெட்டிக்குள் போன் பேசக் கூடாதாமே, அதனால் ஏதோ ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் இறங்கி எனக்கு வீடியோ கால் போட்டாய். ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டு முடிப்பதற்குள் நடுப் பாதையில் புது வண்டி ஒன்று பறந்து போனது, உன் தலைமுடி எல்லாம் எழுந்து நின்றது. வேக வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்றாய். கடைசிப் பெட்டியில் பொய்யாக ஒரு டிரைவர் சீட்டு வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதில் உட்கார்ந்து ஓட்டி விளையாடுவார்கள், வரிசை கட்டி நிற்கிறார்கள் என்றும் சொன்னாய். "அவ்ளோ வேகமா ஓடினத இப்படிப் பொம்ம மாதிரி ஆக்கிட்டாங்களே, பாவம்" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீ விட்டாயா? "பாவம்னு சொல்லாதம்மா. வேகமா ஓடினது பதிமூணு வருசம்தான். மெதுவா ஓட ஆரம்பிச்சி அத்த விட ஜாஸ்தி ஆவுது. ஊர் ஊரா நின்னு ஏத்திக்கினு போவுது பாரு, இதான் அதோட நெசமான வாழ்க்க." இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இவ்வளவு பரிந்து பேசுகிற என் பிள்ளை, பெற்றவளைப் பார்த்து இந்த வயசில் தேவையா என்று கேட்கிறான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

போன ஐப்பசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உன்னிடம் சளி என்று சொன்னேன், நீ பயப்படுவாய் என்று. என் குடம் குழாயடிக்கு வரவில்லை என்பதைத் தண்ணீர் விடுகிறவர்தானே முதலில் பார்ப்பார்? வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல், "இன்னா ஒடம்புக்கு?" என்றார். கஞ்சி வைத்துக் கொண்டுவந்து வைத்தார், உப்பே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, அவர் பின்னால் சைக்கிளில் வந்தார், ஊர் பேசும் என்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசினார்கள்தான். உடம்பு தேறி நான் முதல் நாள் குடத்தோடு போனபோது, ரயிலைப் பற்றி எதுவும் கேட்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "மீதி நாளைக்கி ஒண்ணா இருக்கலாமா? உனுக்குப் பிரியம் இல்லன்னா சொல்லிடு. அப்பவும் கடைசிக் கொழாய்க்கு தண்ணி வரும்." நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொல்ல ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதம் முழுக்க நான் யோசித்தது ஊரை இல்லை, உன்னைத்தான்.

இந்த வீடு உனக்குத்தான், அவர் இங்கே வரமாட்டார், நான்தான் பக்கத்துத் தெருவுக்குப் போகிறேன். சாவி என்னிடமே இருக்கும், நீ வந்தால் உன் கட்டில் உன் இடத்தில் இருக்கும். அவரை நீ அப்பா என்று கூப்பிட வேண்டாம், யாரும் கேட்கமாட்டார்கள். பெற்றவளாக ஒரு புத்திமதியும் சொல்லிவிடுகிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். நாளைக்கு நீ ஒருத்தியைக் கட்டினால், அவள் சொல்லும்போது கேள், சொல்லாதபோதும் கேள். ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து நம் ஊர்ப் பூசையைப் பார்க்கிற அளவுக்கு ஏங்கிப் போனவன், அதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. உன்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது, நீ என் பிள்ளைதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னும் கொஞ்ச காலத்தில் அந்த வண்டிக்கு முழு ஓய்வு கொடுத்துவிடுவார்கள் என்று சொன்னாய். வருத்தமாக இருக்கிறது. ஆனால் எழுதிக்கொண்டே வரும்போது எனக்கு ஒன்று தோன்றியது. எனக்கும் அதற்கும் நான் இவ்வளவு நேரம் போட்ட முடிச்சு சரியில்லை. அதை யாரும் எதுவும் கேட்கவில்லை. மூக்கை நீட்டும்போது கேட்கவில்லை, பாதியாக வெட்டும்போது கேட்கவில்லை, ஒதுங்கி நில் என்று சொன்னபோதும் கேட்கவில்லை. என்னை ஒரு மனுஷன் கேட்டிருக்கிறார். சாமியாரிடமும் ஊராரிடமும் வயசான காலத்தில் ஒரு துணை வேண்டாமா, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி வைத்தேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அதெல்லாம் பொய், அருள். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. பெற்ற மகனுக்கு இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் உண்மை இதுதான்.

நாளைக்குச் சனிக்கிழமை. ஓலையைத் தள்ளி வைக்க வேண்டாம் என்று சாமியாரிடம் சொல்லிவிடுவேன். நீ வர வேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது, ரொம்ப ஆசையாக இருக்கிறது. வராவிட்டாலும் நடக்கும். உன் நைனாவோடு எனக்குக் கல்யாணம் நடந்தபோது எனக்குப் பதினெட்டு வயசு, அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. பீடத்துக்கு முன்னால் சாமியார் "சம்மதமா?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற என் அத்தை "சம்மதம் சாமி" என்று உரக்கச் சொல்லிவிட்டாள், கோயிலே சிரித்தது. உன் நைனா நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். இந்த முறை கேட்கும்போது நான்தான் சொல்லப் போகிறேன்.

உன் அம்மா